கோளாறு பிள்ளையின் நாக்கிலா, தேர்வுப் புத்தகத்திலா? ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களும் பேச்சு சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைசூரிலோ சென்னையிலோ பேச்சு-செவித்திறன் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்கு வருகிறவர்களும், இங்கேயே பேச்சு சிகிச்சை படிக்கும் தமிழ் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வேலை விளம்பரத்தில் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்று ஒரு வரி இருக்கும். நேர்காணலில் 'நல்லிணக்கத்துக்கு உங்கள் பங்கு என்ன?' என்று கேட்பார்கள். பூர்வகுடி மக்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே முறிந்த உறவைச் சீர்செய்வதைத்தான் இங்கே நல்லிணக்கம் என்கிறார்கள். மனப்பாடம் செய்ய ஒரு விடை கிடைக்குமா என்று தேடி வந்தவர்களுக்கு இந்தப் பக்கம் ஏமாற்றம் தரலாம்.

பேச்சு சிகிச்சைக்கும் நல்லிணக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? திக்குவாய்க்குப் பயிற்சி கொடுக்க வரலாறு எதற்கு?

இந்த நாட்டில் பறிக்கப்பட்டவற்றில் நிலத்துக்கு அடுத்தது பேச்சுதான். ஐரோப்பியர் வந்தபோது இங்கே 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. 2020இல் வெளியான தேசிய மொழிக் கணக்கெடுப்பின்படி ஏதோ ஓர் அளவிலாவது புழங்குபவை 123. அவற்றில் குழந்தைகள் வாயில் இயல்பாக வளர்ந்துகொண்டிருக்கும் பழைய மொழிகள் 12 மட்டுமே. ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து மிஷன் விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தார்கள். பத்தில் ஒரு குழந்தையிலிருந்து மூன்றில் ஒரு குழந்தை வரை அப்படிப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று 1997இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கணித்தது. பல விடுதிகளில் தாய்மொழியில் பேசினால் தண்டனை. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது இதற்காகத்தான்.

இன்னொரு கணக்கையும் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் பூர்வகுடி மொழி ஒன்றைப் பேசுவதாகச் சொன்னவர்கள் எல்லா மொழிகளையும் சேர்த்துச் சுமார் 77,000 பேர். வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 95,000 பேர். நேற்று வந்த நம் ஒரு மொழிக்கு இருக்கும் வாய்களின் எண்ணிக்கை, அறுபதாயிரம் ஆண்டுகளாக இங்கே வாழ்கிறவர்களின் அத்தனை மொழிகளுக்கும் சேர்த்தும் இல்லை.

இப்போது ஒரு பாட்டியின் இடத்திலிருந்து பாருங்கள். அவர் தாயின் வாயை அடைத்தது அரசு. அதே அரசின் சம்பளத்தில், கையில் கோப்புடன் ஒருவர் வந்து, 'உங்கள் பேரனின் பேச்சு சரியில்லை, நான் திருத்துகிறேன்' என்கிறார். பாட்டி கதவைத் திறப்பதே பெரிய விஷயம்.

அது பழைய கதைதானே? இப்போதும் ஏன் பயப்படுகிறார்கள்?

பூர்வகுடிக் குழந்தைகள் அரசின் பராமரிப்புக்கு எடுத்துச் செல்லப்படும் வீதம் மற்றக் குழந்தைகளுடையதைவிட இன்றும் பத்து மடங்குக்கும் மேல். நீங்கள் எழுதும் அறிக்கை நாளை ஒரு குழந்தை நலத் துறை அதிகாரியின் மேசைக்குப் போகக்கூடும் என்பது பிள்ளையின் தாய்க்குத் தெரியும். 'வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், இரவில் எங்கே தூங்குவான்' என்று நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் அவர் காதில் வேறு விதமாக விழும். முதல் சந்திப்பிலேயே படிவத்தைப் பிரிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பண்பாட்டுப் பாதுகாப்பு என்றால் அவர்களுடைய பழக்கவழக்கங்களைத் தெரிந்துகொள்வதா?

இல்லை. பெரும்பாலானோர் இங்கேதான் வழுக்குகிறார்கள். பழக்கவழக்கங்களைப் பட்டியல் போட்டுப் படிப்பது சுற்றுலாக் கையேடு படிப்பதுதான். பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்து நியூசிலாந்தில் 1980களின் இறுதியில் மாவோரிச் செவிலியர்களிடமிருந்து பிறந்தது. அதை வடித்துக் கொடுத்தவர் இரிஹாபெட்டி ராம்ஸ்டென். நோயாளியின் பண்பாட்டைப் பற்றிச் செவிலியருக்கு எவ்வளவு தெரியும் என்று அவர் கேட்கவில்லை. செவிலியர் தன் கையிலிருக்கும் அதிகாரத்தைப் பார்க்கிறாரா என்று கேட்டார். சேவை பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அதைப் பெற்றவருக்கே உண்டு என்றார். நாம் எவ்வளவு பயிற்சிச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டினாலும், நமக்கு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள முடியாது.

நேர்காணலில் சொல்ல ஒரு விடை வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். ஆனால் 'பெற்றவர்கள் என்ன சொன்னார்கள், அதனால் எதை மாற்றினீர்கள்?' என்ற அடுத்த கேள்விக்கும் தயாராக இருங்கள்.

கூட்டம் தொடங்கும்போது நிலத்தின் உரிமையாளர்களை நினைவுகூர்ந்து வாசிக்கிறார்களே, நானும் வாசிக்க வேண்டுமா?

வாசிக்கலாம், யாரும் வாசிக்கலாம். ஆனால் அந்த மண்ணுக்கு வரவேற்பு கூறும் சடங்கைச் செய்ய அந்த இடத்தின் மூத்தவர்களுக்கு மட்டுமே உரிமை. அதை நாம் செய்யக் கூடாது. வாசிப்பதானால் நீங்கள் நிற்கும் இடம் எந்த மக்களுடையது என்பதை முன்பே கேட்டு, பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகிக்கொள்ளுங்கள். உச்சரிப்பு நம் தொழில். அதில் தடுமாறினால் நன்றாக இருக்காது.

மதிப்பீட்டுத் தேர்வுகளை அப்படியே பயன்படுத்தலாமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு தொலைதூரப் பள்ளியின் பின்னறையில் நான் பார்த்தது இது. ஐந்து வயதுப் பையன். எதிரே படப் புத்தகம். சிகிச்சையாளர் பந்தைக் காட்டி 'இது என்ன?' என்கிறார். பையன் படத்தைப் பார்க்கிறான், அவரைப் பார்க்கிறான், கூட வந்த பாட்டியைப் பார்க்கிறான். பதில் இல்லை. அடுத்த பக்கம், நாய். பதில் இல்லை. விடைத்தாளில் வரிசையாகப் பூஜ்யம் விழுகிறது. அறைக்கு வெளியே வந்ததும் அதே பையன், முந்தின நாள் தன் மாமாவின் வண்டி மணலில் புதைந்து, அதை எல்லோரும் சேர்ந்து இழுத்த கதையைக் கையாட்டி, மணலில் கோடு போட்டு, மூச்சு விடாமல் தன் அக்காளிடம் சொல்கிறான்.

என்ன நடந்தது? பந்தை வைத்திருப்பவருக்கு அது பந்து என்று தெரியும். தெரிந்ததையே எதற்குக் கேட்கிறார்? விடை தெரிந்த கேள்வியைக் குழந்தையிடம் கேட்டுப் பழக்குவது நடுத்தர வர்க்க வெள்ளைக்கார வீட்டு வழக்கம். நம் நகரத்து வீடுகளிலும் அது புகுந்துவிட்டது: 'மாமாவுக்கு மூக்கு எங்கே இருக்கு காட்டு!' பல பூர்வகுடிச் சமூகங்களில் குழந்தை பார்த்தும் கேட்டும் கற்கிறது. தெரியாததைத்தான் பெரியவர்கள் கேட்பார்கள். அந்தப் பையனிடம் அன்று அளக்கப்பட்டது மொழி அல்ல. பரீட்சை எழுதிய பழக்கம் அவனுக்கு இருக்கிறதா என்பதுதான்.

கேள்விகளின் உள்ளடக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. வடக்குக் குவீன்ஸ்லாந்தின் கூகூ யிமித்திர் மொழியினர் பொருள்கள் இருக்கும் இடத்தை இடது வலது என்று சொல்வதில்லை. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்றுதான் சொல்வார்கள். வேறு பல பூர்வகுடி மொழிகளிலும் திசைகளுக்கே முதலிடம். மேசைமேல் இருக்கும் கோப்பைக்குக்கூடத் திசை உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளையிடம் 'இடது பக்கம் இருப்பதைத் தொடு' என்று கேட்டு, தவறு என்று எழுதினால், நம்மில் எத்தனை பேருக்கு நான்கு சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு வடக்கு எது என்று தெரியும்?

தேர்வின் மதிப்பெண் அட்டவணை யாரை வைத்துத் தயாரிக்கப்பட்டது என்று கையேட்டின் பின்பக்கத்தில் பாருங்கள். அதில் இந்தப் பிள்ளையைப் போன்றவர்கள் இல்லையென்றால் அந்த எண்ணை அறிக்கையில் எழுதாதீர்கள். பதிலாக, பிள்ளை தன் வயதொத்தவர்களோடு பேசுவதைக் கேளுங்கள். ஒன்றைக் கற்றுக்கொடுத்து, எவ்வளவு விரைவில் பிடித்துக்கொள்கிறான் என்று பாருங்கள். குடும்பத்தாரிடம் 'இதே வயதில் இவன் அண்ணன் எப்படிப் பேசினான்?' என்று கேளுங்கள். வடபிரதேசத்தின் (நார்தர்ன் டெரிட்டரி) கேத்தரின் வட்டாரத்தில் சிறு குழந்தைகளின் சொல்வளத்தை அறிய உள்ளூர் மக்களோடு சேர்ந்தே ஒரு சொற்பட்டியல் தயாரித்திருக்கிறார்கள். எர்லி என்று அழைக்கிறார்கள். அந்த ஊர் வீடுகளில் குழந்தைகள் சொல்லும் சொற்கள் அதில் இருக்கின்றன. இப்படிப்பட்ட கருவிகள் இன்னும் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் உள்ளன.

பூர்வகுடி ஆங்கிலம் என்கிறார்களே, அது கொச்சை ஆங்கிலமா?

கொச்சையல்ல. தனக்கென்று ஒழுங்கான இலக்கணமும் ஒலிமுறையும் உடைய வழக்கு அது. ஆங்கிலமும் உள்ளூர் மொழிகளும் கலந்து பிறந்த கிரியோலும் டோரஸ் நீரிணைத் தீவுகளின் யும்ப்ளாடோக்கும் அதற்கும் அப்பால் தனி மொழிகளே.

ஒலி விஷயத்தில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. பெரும்பாலான ஆஸ்திரேலிய மொழிகளில் ஸ, ஷ, ஃப போன்ற உரசொலிகள் இல்லை. க-வுக்கும் அதன் மெல்லிய உச்சரிப்புக்கும், ப-வுக்கும் அதன் மெல்லிய உச்சரிப்புக்கும் இடையே பொருள் வேறுபாடு இல்லை. ஆனால் நாக்கை மடக்கி உச்சரிக்கும் ட, ண, ள போன்றவை உண்டு. பல மொழிகளில் ந, ன, ண மூன்றும் தனித்தனி. பிட்ஜன்ட்ஜட்ஜரா மொழியை எழுதும்போது நாமடி ஒலிகளுக்கு எழுத்தின் கீழ் ஒரு கோடு போடுகிறார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த சிகிச்சையாளர் காதில் இந்த வேறுபாடுகள் விழுவதே இல்லை. நமக்கு ஒரே தடவையில் விழும். மின்விசிறியைப் 'பேன்' என்று சொல்லும் நம் பாட்டியைப் பேச்சுக் கோளாறு உள்ளவர் என்று யாரும் எழுதுவதில்லை. அதே காரணத்தால் பூர்வகுடிப் பிள்ளை ஃப-வைப் ப ஆக்கினால் அதையும் எழுதக் கூடாது.

(இந்த ஒற்றுமைகளை வைத்துத் திராவிட மொழிகளும் ஆஸ்திரேலிய மொழிகளும் ஒரே குடும்பம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் முதலியோர் ஊகித்தார்கள். இன்றைய மொழியியல் அதை ஏற்கவில்லை. வேலைக்குப் போன இடத்தில் 'நாமெல்லாம் ஒரே இனம்' என்று ஆரம்பிக்க வேண்டாம்.)

அப்படியானால் எந்தப் பிள்ளைக்கும் கோளாறே இல்லை என்று சொல்லிவிடலாமா?

கூடாது. முதல் தவறுக்குப் பயந்து இரண்டாவது தவறில் விழுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். 'அது அவர்கள் பேசும் விதம், பண்பாட்டு வேறுபாடு' என்று எழுதிக் கையைக் கழுவிவிட்டால், உண்மையிலேயே மொழி வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைக்கு எந்த உதவியும் கிடைக்காது. மேற்கு ஆஸ்திரேலியாவின் இளையோர் தடுப்புக் காவல் இல்லம் ஒன்றில் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அங்கே பரிசோதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மூளை வளர்ச்சி சார்ந்த கடுமையான குறைபாடு ஏதேனும் ஒரு துறையில் இருந்தது. பெரும்பாலோர் பூர்வகுடி இளைஞர்கள். பலருக்கு அதுவரை யாரும் எதையும் கண்டறிந்திருக்கவில்லை. பள்ளியிலேயே யாராவது பார்த்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

வித்தியாசம் தெரிய ஒரு நல்ல வழி, வீட்டு மொழியிலும் அந்தப் பிள்ளை தடுமாறுகிறதா என்று பார்ப்பது. அதைச் சொல்ல நம்மால் முடியாது. அந்த மொழி தெரிந்தவரால்தான் முடியும்.

எதிலிருந்து தொடங்குவது?

காதிலிருந்து. வேறு எதையும் செய்வதற்கு முன் செவித்திறன் சோதனை.

2001இல் வடக்கு, மத்திய ஆஸ்திரேலியாவின் 29 தொலைதூரச் சமூகங்களில், ஆறு மாதத்துக்கும் இரண்டரை வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைச் சோதித்தார்கள். 91 விழுக்காட்டினருக்கு நடுச்செவியில் ஏதோ ஒரு நோய். 15 விழுக்காட்டினருக்குச் செவிப்பறையில் ஓட்டை விழுந்து நாள்பட்டுச் சீழ் வடிந்துகொண்டிருந்தது. ஒரு மக்கள்கூட்டத்தில் அப்படிச் சீழ் வடிவது 4 விழுக்காட்டைத் தாண்டினாலே அவசரமாகக் கவனிக்க வேண்டிய பொதுநலப் பிரச்சினை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். காரணங்களில் மர்மம் ஒன்றுமில்லை: மூன்று அறை வீட்டில் மூன்று குடும்பம், ஒழுகாத குழாய் இல்லாமை, புகை, தொலைவிலுள்ள மருத்துவமனை.

இந்தக் கேட்புக் குறை ஏறி இறங்கும். இன்று கேட்கும், அடுத்த வாரம் கேட்காது. வகுப்பில் குளிர்சாதன இயந்திரம் ஓடினால் ஆசிரியையின் குரலில் பாதி போய்விடும். 'சொன்ன பேச்சுக் கேட்பதில்லை' என்று ஆசிரியை புகார் சொல்லும் பிள்ளைக்கு, சொன்னது காதில் விழவே இல்லை என்பது பல சமயம் உண்மை. இன்னும் பள்ளியில் சேராத பூர்வகுடிக் குழந்தைகளின் காதை, அரசின் செவிநல அமைப்பான ஹியரிங் ஆஸ்திரேலியா இலவசமாகச் சோதிக்கும் திட்டம் இருக்கிறது. வகுப்பறைக்கு ஒலிபெருக்கி கேட்டு எழுதுங்கள். ஒரு பிள்ளைக்கு வாரம் அரை மணி நேரப் பயிற்சியைவிட அது முப்பது பிள்ளைகளுக்கு அதிகம் உதவும்.

கேள்வி கேட்டால் பேசாமல் இருக்கிறார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிறார்கள். எப்படிப் புரிந்துகொள்வது?

மௌனத்தை மறுப்பு என்றோ தெரியாமை என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். யோசிப்பதற்கு நேரம் எடுப்பது மரியாதை. டேலி நதிக்கரையைச் சேர்ந்த மூத்தவர் மிரியம்-ரோஸ் உங்குன்மெர்-பாவ்மன் 'டாடிரி' என்று விளக்கும் ஆழ்ந்த செவிமடுத்தலில் அவசரத்துக்கு இடமே இல்லை. கண்ணுக்குக் கண் பார்க்காமல் பேசுவதும் அப்படித்தான். பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. ஆனாலும் படிவத்தில் 'கண் தொடர்பு குறைவு' என்று நம்மவர்களே டிக் அடிக்கிறார்கள்!

ஆமாம் என்பது இதைவிட ஆபத்தானது. அதிகாரத்தில் இருப்பவர் கேட்கும்போது, புரிந்தாலும் புரியாவிட்டாலும் ஆமாம் என்று சொல்லி உரையாடலை முடித்துக்கொள்வது இங்கே ஆய்வாளர்கள் நன்கு அறிந்த விஷயம். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனச் சமூகம் ஒன்றைச் சேர்ந்த, பின்டுபி மொழி பேசும் இளைஞர் ஒருவரை 2012இல் போலீஸ் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் விசாரித்தது. கொலைக்குற்றம் சாட்டப்பட்ட அவர், கொல்லும் நோக்கமில்லாமல் மரணம் விளைவித்ததாக ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் போய்விட்டன.

ஆகவே ஆமாம் இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் குறையுங்கள். 'நான் சொன்ன பயிற்சியை வீட்டில் செய்வீர்களா?' என்று கேட்டால் 'செய்வோம்' என்ற விடைதான் கிடைக்கும். உங்கள் ஊரைப் பற்றி, உங்கள் அம்மாவைப் பற்றி முதலில் சொல்லுங்கள். பிறகு அவர்கள் சொல்வார்கள். இப்படிக் கதைபோலப் பேசிப் பேசி விஷயத்துக்கு வரும் முறையை 'யார்னிங்' என்கிறார்கள். மருத்துவ உரையாடலையே அந்த வடிவில் நடத்த இப்போது பயிற்சியும் தருகிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார்களா?

வடபிரதேசத்தில் 2000ஆம் ஆண்டிலிருந்து பூர்வகுடி மொழிபெயர்ப்புச் சேவை இயங்குகிறது. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வருகிறவர் நோயாளிக்கு எந்த உறவுமுறை என்று கேட்பதும் அவசியம். மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் பேசக் கூடாத சமூகங்கள் உண்டு. அப்படிப்பட்ட இருவரை ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டு, ஏன் யாரும் வாய் திறக்கவில்லை என்று யோசிப்பதில் பயன் இல்லை. உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளரை ஓசி மொழிபெயர்ப்பாளராக ஆக்கவும் கூடாது. அவருக்கு அவர் வேலை இருக்கிறது. கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம்.

பெற்றோரிடம் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. நம் தமிழ்ப் பெற்றோருக்கும் இதே அறிவுரையைக் கொடுத்து வீட்டுக்கு வீடு தமிழை நிறுத்திய சிகிச்சையாளர்கள் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் மொழிக் கோளாறு வருவதில்லை. வடபிரதேசத்தில் 1970களின் தொடக்கத்தில் இருமொழிப் பள்ளிகள் தொடங்கின. 2008இல் பள்ளியின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலம் மட்டுமே என்று அரசு அறிவித்ததும் பல திட்டங்கள் ஒடிந்தன. யிர்கலா போன்ற இடங்களில் யோல்ங்கு மக்கள் விடாப்பிடியாகத் தங்கள் மொழியில் கற்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கான சிகிச்சையில் என்ன மாறும்?

பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழந்த பூர்வகுடிப் பெரியவர்கள் பலர் சிகிச்சைக்கு வருவதே இல்லை. மருத்துவமனை சொந்த ஊரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வீடு திரும்பியதும் தொடர்பு அறுந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஹீலிங் ரைட் வே என்ற ஆய்வுத் திட்டத்தில், பூர்வகுடி ஒருங்கிணைப்பாளர் ஒருவர் நோயாளியை மருத்துவமனையிலேயே சந்தித்து, ஊர் திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார். அதே குழுவினர், சிகிச்சையாளரும் பூர்வகுடிச் சகபணியாளரும் சேர்ந்து உட்கார்ந்து பேச்சுப் பயிற்சி தரும் முறையையும் சோதித்தார்கள். படம் பார்த்துப் பெயர் சொல்வதற்குப் பதில், பேரப்பிள்ளைகள், மீன்பிடித்த இடம், சொந்த மண் ஆகியவை பற்றிய பேச்சு. ஊர்ப்பெரியவர் ஒருவருக்கு வாழைப்பழப் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பது அவமதிப்பு என்று உணர இவ்வளவு ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்க வேண்டாம்.

குரல் பதிவுகளை என்ன செய்வது?

முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: யார் கேட்கலாம், எங்கே வைக்கலாம், எப்போது அழிக்க வேண்டும். பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சொல்வதும் குரலைக் கேட்பதும் படத்தைப் பார்ப்பதும் துக்கக் காலம் முழுவதும் தவிர்க்கப்படும். உங்கள் கணினியில் இருக்கும் பயிற்சிப் பதிவும் அதில் அடங்கும். ஊரில் துக்கம் என்றால் சந்திப்புகள் ரத்தாகும். அதை 'வரவில்லை' என்று குறிக்காதீர்கள். மூன்று தடவைக்கு மேல் வராதவரைப் பட்டியலிலிருந்து நீக்கும் விதிக்கு விலக்கு வாங்கி வையுங்கள்.

நாமும் காலனியாதிக்கத்தையும் இன ஒடுக்குமுறையையும் அனுபவித்தவர்கள்தானே? நம்மை அவர்கள் வேறு மாதிரிப் பார்ப்பார்கள் அல்லவா?

சில சமயம் பார்ப்பார்கள். தோல் நிறம் பார்த்து 'நீ எந்த ஊர்ப் பிள்ளை?' என்று அன்போடு கேட்கும் பெரியம்மாக்கள் உண்டு. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு நல்லிணக்க ஆணைக்குழு என்றாலே ஒரு கசப்பும் இருக்கும். அறிக்கை வரும், செயல் வராது என்ற அனுபவம் இங்கேயும் பயன்படும். ஆனால் அந்த மண்ணில் நாம் விசாவோடு வந்து குடியேறியவர்கள். நம் சம்பளமும் வீடும் அதே அரசு அமைப்பின் வழியாகத்தான் வருகின்றன. நம் கதையைச் சொல்லலாம், ஆனால் அவர்கள் கதைக்கு மேலே வைக்கக் கூடாது.

2023 பொது வாக்கெடுப்பு தோற்ற பிறகு நல்லிணக்கம் பற்றிப் பேசுவதில் அர்த்தம் உண்டா?

நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை கூறும் பூர்வகுடிக் குரலை அரசியலமைப்பில் சேர்க்கும் முன்மொழிவை அந்த ஆண்டு அக்டோபர் 14 அன்று சுமார் 60 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். அதன்பின் 'நல்லிணக்கம்' என்ற பேச்சையே கேட்க விரும்பாத பூர்வகுடியினரை நான் அறிவேன். அது அவர்கள் உரிமை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை பையனுக்குக் காது சோதிக்க வேண்டுமா என்பதற்கு வாக்கெடுப்புத் தேவையில்லை.

எங்கே வேலைக்குச் சேர்வது நல்லது?

வாய்ப்புக் கிடைத்தால் பூர்வகுடி மக்களே நிர்வகிக்கும் சுகாதார நிலையங்களில். 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் தொடங்கிய முதல் நிலையத்தைத் தொடர்ந்து இன்று நாடெங்கும் 140க்கும் மேல் உள்ளன. அங்கே உங்கள் மேலாளர் அந்த ஊர்க்காரராக இருப்பார். தவறினால் அன்றே சொல்லிவிடுவார். ஆறு மாத ஒப்பந்தம் என்றால், சேரும் நாளிலேயே குடும்பங்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள். போகும்போது அறிக்கையின் ஒரு பிரதியை, புரியும் நடையில் எழுதி, குடும்பத்தின் கையில் கொடுங்கள். அடுத்து வருகிறவர் அதே கேள்விகளை அந்தப் பாட்டியிடம் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்காது.